சின்னவள் நிரப்பிய கடல்

அக்காவுக்குக் கோடு, தங்கைக்குத் தண்ணீர். பீங்கான் பட்டறையில் இருவரும் வேலையைப் பிரித்துக்கொண்டது அப்படித்தான். வெள்ளைத் தட்டின்மேல் மெல்லிய தூரிகையால் படகையும் வீட்டையும் மரத்தையும் கோடாக வரைந்து வைப்பது பெரியவள். அந்தக் கோடுகளுக்குள், தண்ணீரில் கரைத்த நீலத்தைச் சொட்டவிட்டு, தடித்த தூரிகையால் அதைத் துரத்தி ஓட்டி, எங்கே வெளிறவேண்டும் எங்கே அடரவேண்டும் என்று பார்த்து நிரப்புவது சின்னவள். தன்னைப் போலக் கோடு போடுகிறவர்கள் தெருவுக்கு ஒருவர் கிடைப்பார்கள், தங்கையைப் போலத் தண்ணீர் விடுகிறவள் எங்கேயும் கிடையாது என்று பெரியவளே வாய் ஓயாமல் சொல்வாள்.

சக பட்டறைக்காரர்கள் சின்னவளுக்கு வைத்த பெயர் தண்ணிக்காரி. அவளைக் கட்டிக்கொண்டவன் பஸ் டிரைவர். "குடிக்கிற பழக்கம் இருக்கான்னு என்னைத் துருவித் துருவிக் கேட்டாங்க. கடைசியில பாத்தா பொண்ணுதான் தண்ணிக்காரி" என்று அவன் டெப்போவில் சொல்லிச் சொல்லிச் சிரித்த காலம் ஒன்று இருந்தது.

அவர்களுக்கு ஒரே பெண் குழந்தை. ஓரிடத்தில் உட்காராது, ஒன்றைத் தொடாமல் விடாது. எல்லோருக்கும் அது வாலு. அந்த வாலுக்கு ஒருநாள் காய்ச்சல் வந்தது. அன்று பட்டறையில் தலைபோகிற வேலை. ஏற்றுமதிக்குப் போகும் கோப்பைகளை மாலைக்குள் முடித்துச் சூளைக்கு அனுப்பியாக வேண்டும். சின்னவள் ஒரு மாத்திரையைக் கரைத்துக் கொடுத்து, பொதி கட்டும் வைக்கோல் மூட்டைகளின்மேல் குழந்தையைப் படுக்க வைத்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்தாள். நடுவில் ஒருமுறை எழுந்துபோய்த் தொட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, ரொம்பக் கொதிக்குது" என்றாள். பெரியவளும் வந்து நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். "ஒண்ணுமில்லடி, சாதாரணக் காய்ச்சல்தான். முடிச்சுட்டு டாக்டர்கிட்டப் போய்க்கலாம்" என்றாள். முடித்துவிட்டுத்தான் போனார்கள். மறுநாள் விடியும்போது குழந்தை இல்லை.

அதன்பிறகு சின்னவள் தூரிகையைத் தொடவில்லை. வீட்டில் கட்டிலின் ஓரத்தில், எந்த நேரமும் எழுந்து போகப்போகிறவள்போல உட்கார்ந்திருப்பாள். ஆனால் எழுந்துகொள்ள மாட்டாள். டிரைவர் விடியற்காலை டூட்டிக்குப் போகுமுன் எதையாவது சமைத்து மூடி வைத்துவிட்டுப் போவான். திரும்பி வரும்போது மூடியது மூடியபடி இருக்கும். பெரியவள் தினமும் காலையில் போய்த் தங்கையின் தலையைச் சீவி, முகத்தைக் கழுவி, நாலு வாய் ஊட்டிவிட்டு வருவாள். ஊட்டினால் விழுங்குவாள். கேட்டால் பதில் சொல்வாள். தானாக ஒரு வார்த்தை வராது. ஏறக்குறைய ஒரு வருடம் இப்படியே ஓடியது. தங்கையைத் தெரிந்தவர்கள் வழியில் பார்த்துப் "பரவாயில்லையா?" என்று கேட்கும்போது, பெரியவள் ஒப்புக்குத் தலையாட்டி நகர்வாள்.

அந்த நேரத்தில்தான் கடற்கரையில் புதிதாகக் கட்டிய ஹோட்டலின் முதலாளியம்மா பட்டறைக்கு வந்தாள். வரவேற்புக் கூடத்துச் சுவரில் மாட்ட ஒரு பெரிய தாம்பாளம் வேண்டும், குன்றின் மேலிருந்து பார்த்தால் தெரிகிற துறைமுகத்தை அதில் நீலத்தில் வரைய வேண்டும் என்றாள். இரண்டு கைகளையும் விரித்து அளவு காட்டினாள்.

பெரியவளின் கணவர்தான் பட்டறையில் சக்கரமும் சூளையும் பார்க்கிறவர். சூளைக்காரர் என்றுதான் அவரைச் சொல்வார்கள். அந்த விரிந்த கைகளைப் பார்த்ததுமே அவர் உதட்டைப் பிதுக்கினார். "அம்மா, பீங்கான் மண்ணுக்கு ரோஷம் ஜாஸ்தி. ஓரம் ஒரு பக்கம் முன்னாடி காஞ்சுட்டாப் போதும், கோவிச்சுக்கிட்டுப் பிளந்துக்கும்" என்றார். ஆனால் துறைமுகம் என்றால் முக்கால்வாசி கடல். கடல் என்றால் சின்னவள். பெரியவளுக்கு அந்த நினைப்பு வந்தவுடன் கணவரைப் பேசவிடாமல், "செஞ்சு தர்றோம்" என்று முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள்.

சூளைக்காரர் மூன்று தாம்பாளங்கள் செய்தார். வெண்மண்ணைப் பிசைந்து பிசைந்து காற்றை வெளியேற்றி, சக்கரத்தில் ஏற்றி, உள்ளங்கையின் கீழ்ப்பகுதியால் நடுவை அமுக்கிக் கெட்டிப்படுத்தி, பிறகுதான் விளிம்பை வெளியே இழுத்தார். நடுவைச் சரியாக அமுக்காவிட்டால் காய்கிறபோது அங்கே பாம்புபோல ஒரு விரிசல் ஓடும். விளிம்புக்கு ஈரத்துணி சுற்றி, மேலே பிளாஸ்டிக் விரித்து, சன்னல்களைச் சாத்தி, பிள்ளைத்தாய்ச்சியைப் பார்ப்பதுபோல் தினமும் எட்டிப் பார்த்தார். அப்படியும் ஒன்று விளிம்பில் பிளந்தது. இன்னொன்று, வண்ணம் ஏற்றுமுன் லேசாகச் சுட்டெடுக்கும் முதல் சூட்டிலேயே கோணிக்கொண்டது. ஒன்று மட்டும் தேறியது.

பெரியவள் தங்கையைப் போய்க் கூப்பிட்டாள். தலை சீவிக்கொண்டே, பின்னாலிருந்து, முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"ஒரு கடல் இருக்குடி. எனக்குக் கோடுதான் வரும். உனக்குத் தெரியாதா."

சின்னவள் மடியில் கிடந்த தன் விரல்களை விரித்துப் பார்த்தாள். பிறகு, "எனக்கு எல்லாம் மறந்துபோச்சுக்கா" என்றாள்.

"கை மறக்காது. சும்மா வந்து உக்காரு. பிடிக்கலைன்னா எந்திரிச்சு வந்துடு. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

மறுநாள் காலை சின்னவள் வாசலில் வந்து நின்றாள். வைக்கோல் மூட்டைகள் இருந்த மூலையைப் பெரியவள் முன்னாலேயே காலி செய்து, கழுவி, அங்கே ஓர் அலமாரியை இழுத்துப் போட்டிருந்தாள். சின்னவள் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். வேறொன்றும் செய்யவில்லை.

சூளைக்காரர் தாம்பாளத்தை மேசைமேல் வைத்துக்கொண்டிருந்தார். மைத்துனியைச் சிரிக்க வைக்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. "பாத்தியா சைஸை? ஒரு குழந்தையவே இதுல படுக்க வெச்சுடலாம்" என்றார். சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றார். 

சின்னவள் தாம்பாளத்தின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள். "நல்லா வந்திருக்கு மாமா" என்றாள்.

பெரியவள் பல நாள் உட்கார்ந்து கோடு போட்டாள். மேலே அக்கரைக் குன்றுகளும் வீடுகளும், அவற்றின் அடியில் வளைந்து போகும் கரை, கடலுக்கு நடுவில் படகுகள், படகுகளில் எள்ளளவு மனிதர்கள். அதுவரை சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து நீலத்தை அரைத்துக்கொண்டிருந்தாள். பெயர்தான் நீலம். நெருப்பில் வேகிறவரை அது அடுப்புக் கரி மாதிரிதான் இருக்கும். கரைத்தால் சாம்பல் நிறம். சூளைக்குள் போய் வந்தபிறகுதான் தன் நிறத்தைக் காட்டும். ஆகவே தண்ணீர் விடுகிறவள் கண்ணுக்குத் தெரிவதை நம்பக்கூடாது. இந்தச் சாம்பல் வெந்தால் எந்த நீலம் என்று மனதுக்குள் பார்க்கத் தெரியவேண்டும்.

முதலில் குன்றுகளை எடுத்தாள். தூரிகையைத் தோய்த்து, தட்டின்மேல் ஒரு துளியைக் கொழுக்கவிட்டு, அது காய்வதற்குள் சரிவு முழுவதும் ஓட்டி, மிச்சத்தைத் தூரிகையாலேயே உறிஞ்சி எடுத்தாள். கோட்டை ஓரிடத்திலும் தாண்டவில்லை. பெரியவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அன்று மத்தியானம் சின்னவள் தானாகவே ரொட்டியைப் பிட்டுச் சாப்பிட்டாள். இரண்டு நாள் கழித்து, "மாமா போடுற டீயைக் குடிச்சா நாக்கே செத்துடும்போல" என்றாள். சூளைக்காரருக்கு அந்த வசவு கேட்டு வாயெல்லாம் பல். "நீ வராத ஒரு வருஷமா உங்கக்கா அதைத்தான் குடிக்கிறா, இன்னும் பேசிக்கிட்டுத்தானே இருக்கா" என்றார். சின்னவளின் உதட்டில் ஒரு சிரிப்பு வந்துபோனது.

பிறகு கடலுக்கு வந்தாள்.

முதல் பூச்சு சரியாக இருந்தது. கரையோரம் நீர் மெலிந்து, நடுவில் கொஞ்சம் கனத்து, படகுகளின் அடியில் நிழலோடு. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். காய்ந்ததும் சின்னவள் அதன்மேல் இரண்டாம் பூச்சு விட்டாள். சில இடங்களில் அப்படி விடுவதுண்டு என்று பெரியவள் பேசாமல் இருந்தாள். மறுநாள் மூன்றாவது. அடுத்தநாள் வந்ததும் வராததுமாக நீலத்தைக் கெட்டியாகக் கரைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். அவள் முகத்தில் அப்படி ஓர் அமைதி. உறங்கும் முகம்போல இருந்தது. தூரிகை இடமிருந்து வலமாகப் போய் வந்துகொண்டே இருந்தது.

 வேகாத தாம்பாளத்தில் அது வெறும் அடர்ந்த சாம்பல்தான். ஆனால் பெரியவளும் இந்த வேலையிலேயே வளர்ந்தவள். இவ்வளவு கனமாக ஏறினால் சூளையில் அது நீலமாக நிற்காது, கறுத்துப் பொங்கும் என்று தெரியும்.

சூளைக்காரர் அவளைப் பின்கட்டுக்கு அழைத்தார். "ஏம்மா, ஜாஸ்தியாப் போகுதே. கவனிச்சியா?"

"கவனிச்சேன்."

"சொல்ல வேண்டியதுதானே? ஈரப் பஞ்சால ஒத்தி எடுத்தாக் கொஞ்சமாவது தேறும்."

"அவளுக்குத் தெரியாததா? கணக்கு ஏதாவது வெச்சிருப்பா" என்றாள் பெரியவள். சொல்லும்போதே தன் குரல் தனக்கே பொய்யாகக் கேட்டது.

சொல்லிவிடுவது என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் மறுநாள் காலை எழுந்தாள். பட்டறையைத் திறக்கும்போது டிரைவர் சீருடையோடு வந்து நின்றான். உள்ளே வரவில்லை. வாசற்படியிலேயே நின்று தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தான்.

"அண்ணி, நேத்து அவளே தலை சீவிக்கிட்டா. எனக்கும் சேத்து முட்டை வேக வெச்சா. நான் அப்படியே நின்னுட்டேன். எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல அண்ணி. நீங்க மட்டும் கூப்பிடலைன்னா அவளும் போயிருப்பா." சட்டென்று திரும்பி நடந்துவிட்டான்.

பெரியவள் அன்று ஒன்றும் சொல்லவில்லை. அடுத்தநாளும் சொல்லவில்லை. தட்டு போனால் போகிறது, மண்ணுதானே, இன்னொன்று செய்துகொள்ளலாம், இவள் சாப்பிடுகிறாளே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சின்னவள் "எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டபோதுகூட, "உன் கைக்கு என்னடி குறை" என்று சொன்னாள். படகுகளின் கோடு ஒவ்வொன்றாக மங்கி மறைவதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாள்.

சூளைக்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு தாம்பாளத்தின்மேல் மெருகுக் கலவையைப் பீய்ச்சினார். வெந்தால் கண்ணாடியாகத் தெளியும் அது, இப்போது வெள்ளை மாவுபோல எல்லாவற்றையும் மூடியது. பிறகு தாம்பாளத்தைச் சூளைக்குள் வைத்து, கேஸைப் பற்றவைத்தார். இந்த அளவுத் தட்டை அவசரமாக ஆறவிட்டால் வெடித்துப்போகும். ஆறுகிறவரை காத்திருந்தார்கள். அந்த நாட்களில் சின்னவள் பழைய தண்ணிக்காரியாகவே இருந்தாள். தூரிகைகளை அலசிக் காயவைத்தாள். அடுத்து என்ன வேலை என்று கேட்டாள். பெரியவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

திறக்கிற அன்று டிரைவர் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். சின்னவள் தேய்த்த உடை உடுத்தி, நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டு சூளை வாசலில் முன்னால் நின்றாள்.

கதவு திறந்தது. தாம்பாளம் முழுசாக இருந்தது. ஒரு கீறல் இல்லை, கோணல் இல்லை. சூளைக்காரர் அதை இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்கிவந்து மேசையில் வைத்தார்.

மேலே குன்றுகள் அவ்வளவு அழகாக இருந்தன. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. கரையிலிருந்து விளிம்புவரை ஒரே கறுப்பு. சில இடங்களில் மெருகு விலகிப்போய், ஆறாத புண்ணின் பொருக்குபோல உலோகப் பளபளப்போடு தடித்து நின்றது. படகில்லை, படகில் மனிதரில்லை. கடல் என்றுகூட அதைச் சொல்ல முடியாது.

 டிரைவருக்கு இந்த வேலை தெரியாது. அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, எதையோ புரிந்துகொண்டு, மனைவியின் பக்கத்தில் வந்து நின்றான்.

சின்னவள் குனிந்து பார்த்தாள். பொருக்குத் தட்டிய இடத்தை நகத்தால் தொட்டாள். "படகெல்லாம் எங்கக்கா?" என்று கேட்டாள், ஏதோ பொருளை வைத்த இடம் மறந்தவள்போல.

"போனாப் போகுதுடி. மாமா இன்னொண்ணு..."

"நீ பக்கத்துலதானே உக்காந்திருந்தே."

"ஆமா."

"உனக்குத் தெரிஞ்சுதா?"

தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பின்னால் எத்தனையோ முறை பெரியவள் அதை நினைத்து மருகினாள். ஆனால் அந்த நேரத்தில், தங்கை நேராகக் கண்ணைப் பார்த்துக் கேட்கும்போது, பொய் வரவில்லை. "தெரிஞ்சுது" என்றாள்.

"ஏன் சொல்லல?"

"நீ சாப்பிட ஆரம்பிச்சிருந்தே. பேச ஆரம்பிச்சிருந்தே. நான் எப்படிடி..."

சின்னவள் நிமிர்ந்தாள். குரல் உயரவே இல்லை. "தூரிகை ஓடிக்கிட்டிருக்கும்போது மனசுல எதுவும் வரலக்கா. நிறுத்தினா வந்துடும்னு பயம். சரியாத்தான் பண்றேன்னு நினைச்சேன். எனக்கு இன்னும் இது ஒண்ணாவது இருக்குன்னு நினைச்சேன். நீ என்னடான்னா, அழுற பிள்ளைக்குக் கிலுகிலுப்பை குடுத்த மாதிரி குடுத்துட்டு உக்காந்து பாத்துக்கிட்டிருந்திருக்கே."

"அப்படியில்லடி. சத்தியமா அப்படியில்ல."

"அன்னைக்கும் நீதான் ஒண்ணுமில்லன்னு சொன்னே."

இந்த ஒரு வருடத்தில் சின்னவள் அதைச் சொன்னதே இல்லை. சொல்லிவிடுவாளோ என்று ஒவ்வொரு காலையும் பயந்துகொண்டுதான் பெரியவள் தலை சீவப் போனாள். சொல்லாதபோதெல்லாம், மறந்துவிட்டாள், அவள் மனதில் அது இல்லை என்று நம்பவும் செய்தாள். இப்போது அது நாலு பேர் முன்னால், சாதாரணமாக, வெளியே வந்துவிட்டது. பெரியவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடும்மா, வா, வீட்டுக்குப் போலாம்" என்று டிரைவர் மனைவியின் தோளைத் தொட்டான். அவள் மறுக்காமல் நடந்தாள். வாசல் தாண்டும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்தநாள் பெரியவள் வழக்கம்போலப் போனபோது கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினாள், கூப்பிட்டாள். உள்ளே கட்டில் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. யாரும் வந்து திறக்கவில்லை. அப்படியே பல காலைகள். கடைசியில் ஒருநாள் டிரைவரே பட்டறைக்கு வந்து, தலையைக் குனிந்துகொண்டு, வேறு ஊர் டெப்போவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிவிட்டதாகச் சொன்னான். "இந்தத் தெரு, இந்த வீடு எதுவும் வேண்டாங்கிறா அண்ணி. நான் என்ன பண்ணட்டும்" என்றான். அவன் கண்கள் குழிந்திருந்தன. மறுபடி சமையல் அவன் கையில்தான் என்று பெரியவள் கேட்காமலே தெரிந்துகொண்டாள்.

சூளைக்காரர் மறுபடி மண் பிசைந்தார். தண்ணீர் விடுவதற்கு வேறொரு பெண்ணை வரவழைத்தார்கள். அவள் கடல் சுமாராக இருந்தது. முதலாளியம்மாவுக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. சந்தோஷமாக வாங்கிப்போய்ச் சுவரில் மாட்டினாள். கறுத்த தாம்பாளத்தை, பெரியவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் சூளைக்காரர் உடைத்து, உடைந்த ஓடுகளைக் கொட்டும் குழியில் போட்டுவிட்டார். அவள் திரும்பி வந்து காலி மேசையைப் பார்த்தாள்.  

மாதங்கள் கழித்து, பழைய டெப்போ ஆள் ஒருவரிடம் கெஞ்சி விலாசம் வாங்கிக்கொண்டு பெரியவள் தங்கையைப் பார்க்கப் போனாள். மாடிப்படி ஏறி, மூன்றாவது கதவு. தட்டியதும் சின்னவளே திறந்தாள். மெலிந்திருந்தாள், ஆனால் தலை சீவி, சுத்தமாக இருந்தாள். மாத்திரைகளை அட்டைப்பெட்டியில் அடுக்கும் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போவதாகக் கேள்விப்பட்டிருந்தாள் பெரியவள்.

"வாங்க" என்றாள் சின்னவள்.

தனக்குப் பின்னால் வேறு யாரோ படியேறி வருகிறார்கள் என்று பெரியவள் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

"உள்ள வாங்க. உக்காருங்க. பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?"

டிரைவர் உள்ளறையிலிருந்து வந்து, இதைக் கேட்டுக்கொண்டு, சங்கடத்தோடு சன்னல் பக்கம் போய் நின்றான். சின்னவள் டீ போட்டுக்கொண்டு வந்தாள். சர்க்கரை போதுமா என்று கேட்டாள். மாமா உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். கேட்டதற்கெல்லாம் அளவாகப் பதில் சொன்னாள். கடைத்தெருவில் அறிமுகமான ஒருத்தி வீடு தேடி வந்தால் எப்படி நடந்துகொள்வாளோ, அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

டீ ஆறியது. பெரியவள் பொறுக்கமாட்டாமல் அவள் கையைப் பிடித்தாள். "என்னைத் திட்டுடி. வாய்விட்டுத் திட்டிடு. இப்படிப் பேசாதே."

சின்னவள் கையை உதறவில்லை. அது பெரியவளின் பிடியில் அப்படியே கிடந்தது. "உங்க மேல எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்றாள்.

 பெரியவள் கையை விட்டுவிட்டு எழுந்தாள். டிரைவர் பஸ் நிறுத்தம்வரை கூட வந்தான்.  பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தாள். எங்கே போகணும் என்று கண்டக்டர் கேட்டார்.  அவர் மறுபடியும் கேட்டார்.